"நல்லா இருக்கேன் டாக்டரம்மா": எட்டு கேள்விகள் பற்றி ஒரு நீண்ட த்ரெட்

இன்னைக்கு கொஞ்சம் நீளமான த்ரெட் மக்களே. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

பார்க்கின்சன் நோய் பற்றித்தான். நடுக்குவாதம்னு நம்ம ஊர்ல சொல்றது. வீட்டில் கை நடுங்குற அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாராவது இருந்தா கடைசி வரை படிங்க. இல்லாதவங்களும் படிக்கலாம். டாக்டர்கள் நாங்க நோயாளி கிட்ட எப்படி அழகா ஏமாறுறோம்னு தெரிஞ்சுக்கலாம்.

தூத்துக்குடியில் என்கிட்ட வர்ற ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர். அவர் அனுமதியோடு, அடையாளம் தெரியாத மாதிரி சிலதை மாத்தி எழுதுறேன். முப்பது வருஷம் மன்னார் வளைகுடாவில் சங்கு குளித்தவர். 1961ல் கடைசியா அரசு முத்துக்குளிப்பு நடந்தப்ப அவங்க அப்பா கடலுக்குப் போனாராம், இவர் அப்ப சின்னப் பையன். அதோட முத்து முடிஞ்சது, இவர் தலைமுறைக்கு சங்குதான். ஆழத்துல அழுத்தம் தாங்கி தாங்கி ஒரு காது சுத்தமா போயிருச்சு. இந்தக் காது விஷயத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பார்க்கின்சன்னா என்னன்னு ரெண்டே வரி. மூளையில் டோபமைன் சுரக்கிற செல்கள் கொஞ்சம் கொஞ்சமா அழியும். அதனால அசைவு மெதுவாகும், உடம்பு விறைக்கும், பலருக்கு கை நடுங்கும், போகப் போக நடையில் தடுமாற்றம் வரும். 1817ல் லண்டன் டாக்டர் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதினதால அவர் பேரு. லெவோடோபா மாத்திரை நல்லா வேலை செய்யும், ஆனா நோயை நிறுத்தாது. எல்லாருக்கும் நடுக்கம் இருக்கணும்னு கட்டாயமும் இல்ல.

பெரியவர் ரெண்டு வருஷமா வர்றார். ஒவ்வொரு தடவையும் நான் செய்யுறது ஒண்ணுதான். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டச் சொல்லுவேன். கையை மூடித் திறக்கச் சொல்லுவேன். மணிக்கட்டைச் சுழற்றி விறைப்பு பார்ப்பேன். வராந்தாவில் நடந்து திரும்பி வரச் சொல்லுவேன். மாத்திரைக்கு அப்புறம் எல்லாமே முன்னேற்றம். "எப்படி இருக்கீங்க ஐயா?" "நல்லா இருக்கேன் டாக்டரம்மா." ஃபைல்ல "நலம்"னு எழுதிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவேன்.

ஒரு நாள் அவர் மனைவி மட்டும் தனியா வந்தாங்க, மாத்திரைச் சீட்டு வாங்க. போறப்ப வாசல்ல நின்னு சொன்னது: "அவுக இப்ப கோயிலுக்கே வாரதில்ல டாக்டரம்மா. நாலு மாசமாச்சு. கேட்டா முட்டு வலின்னு சொல்லுதாக."

முட்டியை நான் பார்த்திருக்கேன். அவர் வயசுக்கு அது நல்ல முட்டி.

வெளியூர்க்காரங்களுக்கு ஒரு குறிப்பு: எங்க கடற்கரையில் கத்தோலிக்கர்கள் சர்ச்சை கோயில்னுதான் சொல்லுவாங்க, திருப்பலியைப் பூசைன்னு. ஞாயித்துக்கிழமைப் பூசையை விடுறதுன்னா இந்த மனுஷருக்குச் சாதாரண விஷயம் கிடையாது. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏத்தின நாள்லகூட போயிருக்கார்.

அப்பதான் எனக்கு அந்த எட்டு கேள்வி ஞாபகம் வந்துச்சு.

கதை இப்படி. விரல் தட்டுறது, நடக்கிறது எல்லாம் டாக்டர் கண்ணுக்குத் தெரியுற நோய். நோயாளி வீட்டுக்குப் போய் வாழுற நோய் வேற. அதை அளக்க ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டோ, ஜென்கின்சன், ஃபிட்ஸ்பேட்ரிக், கிரீன்ஹால்னு நாலு பேர் 1995ல் ஒரு கேள்விப் பட்டியல் வெளியிட்டாங்க. டாக்டர்களா உட்கார்ந்து யோசிச்சு எழுதினது இல்ல அது. முதல்ல நோயாளிகள் கிட்டப் பேசி, அவங்க சொன்னதுல இருந்து எடுத்து, வடிகட்டி, கடைசியில் 39 கேள்வி. அதனால பேரு பி.டி.க்யூ-39. நடமாட்டம், அன்றாட வேலை, மனநிலை, கூச்சம், உறவுகளின் ஆதரவு, கவனம், பேச்சு, உடல் வலின்னு எட்டு பகுதி.

39 கேள்வி நல்லதுதான். ஆனா எங்க ஓ.பி.யில் வந்து பாருங்க. பேனா பிடிச்சா எழுத்து எறும்பு சைஸுக்குச் சுருங்குறதே இந்த நோயோட ஒரு அறிகுறி. அவர் கையில் 39 கேள்வியையும் கொடுத்தா, பாதியில் மாத்திரை வேகம் இறங்கி ஆளே விறைச்சு உட்கார்ந்துருவார். அதனால ஒவ்வொரு பகுதியிலிருந்தும் அந்தப் பகுதியோட மொத்த மதிப்பெண்ணோடு அதிகமா ஒத்துப்போற ஒரே ஒரு கேள்வியை எடுத்து, எட்டு கேள்வியாச் சுருக்கினாங்க. 1997ல் வந்தது. பி.டி.க்யூ-8.

கடந்த ஒரு மாசத்துல, பார்க்கின்சன் நோயால, எவ்வளவு அடிக்கடி இது நடந்துச்சு? இதான் எல்லாக் கேள்விக்கும் தலைப்பு. பொது இடங்கள்ல நடமாடக் கஷ்டம். உடுத்தக் கஷ்டம். மனச்சோர்வு. நெருங்கினவங்க கூட உறவில் சிக்கல். கவனம் நிக்காம போறது. சரியா பேசிப் புரிய வைக்க முடியாம போறது. வலியோட தசை இழுக்கிறது, அதாவது கொரக்களி. பொது இடத்துல கூச்சம். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு பதில்: ஒருபோதும் இல்லைன்னா 0, அப்படியே ஏறி, எப்பவும்னா 4. மொத்தம் 32க்குப் போட்டு நூத்துக்கு மாத்துவாங்க. எட்டுக்கும் நடுப் பதிலே சொன்னா 16, அதாவது 50. எண் கூடக் கூட வாழ்க்கை மோசம்.

"இவ்வளவுதானே, தமிழ்ல மொழிபெயர்த்துட்டா முடிஞ்சது"ன்னு தோணும். எனக்கும் தோணுச்சு.

ஒண்ணு சொல்லிடுறேன். இந்தப் பட்டியலுக்கு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துகிட்ட உரிமை இருக்கு. ஆய்வுக்குப் பயன்படுத்தணும்னா முறைப்படி அனுமதி வாங்கி, அவங்க ஒப்புக்கொண்ட வடிவத்தைத்தான் பயன்படுத்தணும். நான் செஞ்சது ஆய்வு கிடையாது. அந்த எட்டு விஷயத்தையும் என் வாய்ப்பாட்டுக்குத் தமிழ்ல கேட்டேன், அவ்வளவுதான். கூட்டிப் பார்க்கல, எண் போடல. ஏன் போடக்கூடாதுன்னு அந்தக் காலையிலேயே புரிஞ்சுது.

அடுத்த வாரம் பெரியவர் மனைவியோட வந்தார். காது கேக்காதுன்னு சொன்னேன்ல? கேள்வியைக் கத்திக் கேக்கணும். வெளியே பெஞ்சுல இருபது பேர். "மனசு சோர்வா இருக்கா ஐயா?"ன்னு நான் கத்தினா கடைசி பெஞ்சு வரைக்கும் கேக்கும். இருபது பேர் முன்னாடி எந்த ஆம்பளை ஆமான்னு சொல்லுவார்? கதவைச் சாத்தி, கேக்குற காதுப் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கிட்டு ஆரம்பிச்சேன். கேள்விப் பட்டியலை வீட்டுக்கே கொடுத்து, ஆளே படிச்சு டிக் பண்ணுற ஊர்கள்ல இந்தப் பிரச்சினை எல்லாம் இருக்காது.

உடுத்துறதுல கஷ்டம் இருக்கா?

"ஒரு கஷ்டமும் இல்ல."

சாரத்தை யாரு கட்டி விடுறா? (எங்க ஊர்ல கைலிக்குச் சாரம்னு பேரு.)

"அவதான்."

சட்டை பட்டன்?

"அதுவும் அவதான். அதான் கஷ்டமே இல்லியே."

சிரிப்பு வந்துச்சு, ஆனா யோசிச்சா அவர் சொன்னது சரி. கேள்வி கஷ்டம் இருக்கான்னுதான். கஷ்டத்தை மனைவி வாங்கிக்கிட்டாங்க. காகிதத்துல பார்த்தா இந்தக் கேள்விக்கு அவர் பூஜ்யம். தனியா வாழுற ஒருத்தர், இவரை விட நல்ல கை இருந்தும், இதே கேள்விக்கு மூணு வாங்குவார்.

நெருங்கின உறவுல சிக்கல் இருக்கான்னு கேக்குறது அதை விடச் சங்கடம். "நெருங்கிய உறவு"ன்னா ஒருத்தருக்குச் சொந்தக்காரங்க, இன்னொருத்தருக்குப் படுக்கையறை. அதுவும் மனைவியைப் பக்கத்துல நிக்க வச்சுக்கிட்டு! அவங்களை மருந்துக் கடைக்கு அனுப்பிட்டுக் கேட்டேன். "அவளுக்கு எம் மேல கோவம் கெடையாது"ன்னு மட்டும் சொன்னார். அதுக்கு மேல போகல. நானும் விட்டுட்டேன்.

எட்டாவது கேள்விக்கு வந்தேன். என் குறிப்புல அழகா எழுதி வச்சிருந்தேன்: "பொது இடங்களில் தர்மசங்கடமாக உணர்ந்தீர்களா?"

"அப்டின்னா?"

வெட்கமா இருக்கா ஐயா?

சிரிச்சுட்டார். "இந்த வயசுல என்ன டாக்டரம்மா வெட்கம்."

அவமானமா இருக்கா?

கொஞ்சம் விறைச்சார். "என்னைய யாரும் ஒண்ணும் சொல்லலியே."

இந்த ரெண்டு பதிலையும் எழுதியிருந்தா ரெண்டுமே பூஜ்யம். ஒருபோதும் இல்லை. அடுத்த ஆள்.

குறிப்பை மூடி வச்சுட்டுக் கேட்டேன்: நாலு பேர் பார்க்குறாங்களேன்னு ஒரு மாதிரி இருக்கா?

ரொம்ப நேரம் பதிலே இல்ல. இடது கை மடியில் ஆடிக்கிட்டிருந்துச்சு, வலது கையால அதைப் பிடிச்சுக்கிட்டார். அப்புறம் சொன்னார்.

"நன்மை வாங்கப் போனேன். சாமியார் கையில வச்சாரு. கை ஆடி கீழ விழுந்துட்டு. அவரு ஒண்ணும் சொல்லல, குனிஞ்சு எடுத்துக்கிட்டாரு. எனக்குப் பின்னால நூறு பேரு நிக்கான். குடிச்சிட்டு வந்திருக்கான்னுதான நெனைப்பான்? கூச்சமா இருக்கு. அதான் போவல."

நற்கருணையை நன்மைன்னுதான் அவங்க சொல்லுவாங்க. அது கையிலிருந்து தரையில் விழுறது அவருக்கு என்னவா இருந்திருக்கும்னு நான் விளக்க வேண்டியதில்ல.

கூச்சம். அந்தச் சொல்லை அவர்தான் எனக்குக் கொடுத்தார். தர்மசங்கடம், வெட்கம், அவமானம் மூணும் அகராதியில் பக்கத்துப் பக்கத்து வீடுதான். ஆனா ஒரே மனுஷர், ஒரே நாள், ஒரே நாற்காலி, சொல் மாறினதும் பூஜ்யம் நாலாச்சு.

ஒரு கேள்விப் பட்டியலை வேற மொழிக்குக் கொண்டு போறப்ப "தகுதிச் சோதனை"ன்னு ஏன் வருஷக்கணக்குல மெனக்கெடுறாங்கன்னு இப்பப் புரியுதா? முதல்ல ரெண்டு பேர் தனித்தனியா மொழிபெயர்ப்பாங்க. அதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருத்தர் திரும்ப இங்கிலீஷுக்கு மாத்துவார். ஒப்பிட்டுப் பார்ப்பாங்க. அப்புறம் சில நோயாளிகள் கிட்ட வாசிச்சு, "இந்தக் கேள்வியை நீங்க என்னன்னு புரிஞ்சுக்கிட்டீங்க?"ன்னு கேப்பாங்க. என்னைக் கேட்டா இந்தப் படிதான் உயிர். மேல சொன்ன தர்மசங்கடக் கதை இங்கேதான் பிடிபடும்.

அதுக்கப்புறம்தான் கணக்கு. நிறைய நோயாளிகள் கிட்டக் கேட்டு, கேள்விகள் ஒண்ணோட ஒண்ணு ஒத்து அசையுதான்னு பார்ப்பாங்க. இதுக்கு 1951ல் க்ரான்பாக் எழுதின ஆல்ஃபான்னு ஒரு எண் இருக்கு, 0.7க்கு மேல இருந்தா பொதுவா ஏத்துப்பாங்க. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு அதே ஆள்கிட்டத் திரும்பக் கேட்டு, நோய் மாறாதப்ப பதிலும் மாறாம இருக்கான்னு பார்ப்பாங்க. நோய் முத்தின நிலையில் இருக்கிறவங்களுக்கு எண் கூடுதலா வருதான்னும் பார்ப்பாங்க.

சிங்கப்பூர்ல 2004ல் இங்கிலீஷ் பேசுற பார்க்கின்சன் நோயாளிகள் கிட்ட 39, 8 ரெண்டையும் இப்படிச் சோதிச்சு வெளியிட்டாங்க. கவனிங்க, மூலமே இங்கிலீஷ்! மொழிபெயர்ப்பே தேவையில்ல. இருந்தும், ஆக்ஸ்ஃபோர்டு இங்கிலீஷ்காரருக்குப் பொருந்தினது சிங்கப்பூர் இங்கிலீஷ்காரருக்குப் பொருந்துமான்னு தனியா பார்த்தாங்க. கொரியாக்காரங்க 39 கேள்வியைக் கொரிய மொழிக்குக் கொண்டு போய்ச் சோதிச்சு 2013ல் வெளியிட்டாங்க. இது வெளிநாட்டுக்காரங்க பண்ற வேலை, நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர்க் கதைக்கு வர்றேன்.

1990கள்ல உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு பொதுவான கேள்விப் பட்டியல் செஞ்சாங்க. குறிப்பிட்ட நோய்க்குன்னு இல்லாம எல்லாருக்குமானது. ஒரு ஊர்ல எழுதி மத்த ஊருக்கு மொழிபெயர்த்தா அந்த ஊர் வாழ்க்கைதான் வரும்னு, உலகம் முழுக்க பதினஞ்சு மையத்துல ஒரே நேரத்துல ஆரம்பிச்சாங்க. பாங்காக், டோக்கியோ, ஹராரே, பார்சிலோனா, டெல்லி... கூடவே மதராஸ். ஆமா, நம்ம சென்னை. ஒவ்வொரு ஊர்லயும் சாதாரண ஜனங்களையும் நோயாளிகளையும் உட்கார வச்சுப் பேசி, அதுல இருந்து கேள்வி எடுத்தாங்க.

அதுல எனக்குப் பிடிச்ச வேலை ஒண்ணு இருக்கு. "ஒருபோதும் இல்லை", "எப்பவும்" ரெண்டும் எந்த மொழியிலயும் சுலபம். நடுவுல இருக்கிறதுதான் தலைவலி. "எப்பவாவது", "சில நேரம்", "அடிக்கடி" எல்லாம் எவ்வளவு தூரத்துல நிக்குது? அதுக்கு அவங்க பத்து சென்டிமீட்டர் கோடு ஒண்ணு போட்டு, இந்த முனை ஒருபோதும் இல்லை, அந்த முனை எப்பவும்னு வச்சுக்கிட்டு, ஒவ்வொரு ஊர் ஜனங்ககிட்டயும் அந்த மொழியில் இருக்கிற சொற்களைக் கொடுத்து, "இந்தச் சொல் கோட்டுல எங்க வரும்?"னு புள்ளி வைக்கச் சொன்னாங்க. கால், அரை, முக்கால் பக்கத்துல விழுற சொற்களை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. ஒரு சொல்லுக்காக ஸ்கேல் வச்சு அளந்திருக்காங்க மக்களே.

நானும் ஒரு மத்தியானம் சும்மா மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி கோடு போட்டு எங்க கிளினிக் ஆட்கள் கிட்ட நீட்டினேன். "எப்பவாவது"க்கும் "சில நேரம்"க்கும் ஒரே இடத்துல புள்ளி வச்சார் கம்பவுண்டர். ரெண்டும் வேற வேற இல்லையான்னு கேட்டா, "எனக்கு ஒண்ணுதான் மேடம்." வாசல் பெருக்குற அக்கா "அடிக்கடி"யை முனைக்குப் பக்கத்துலயே வச்சாங்க. ஏன்னு கேட்டா, "எம் மவன் அடிக்கடி போன் பண்ணுவான்னா தெனமும்னுதான அர்த்தம்?"

பெரியவருக்கு இந்தச் சொற்கள் எதுவும் ஒத்து வரல. நாலு ஞாயித்துக்கிழமைல எத்தனை போனீங்கன்னு கேட்டா டக்குனு பதில் வந்துச்சு. டீக்கடைக்குப் போன மாசம் எத்தனை நாள்னு கேட்டா அதுக்கும். மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சு, கை அடங்கினப்ப மட்டும் போவாராம். அந்த நேரத்துலயே குடிச்சுட்டு வந்துருவாராம். என்கிட்டயும் அதே நேரத்துலதான் வந்துக்கிட்டிருந்தார்! காலை மாத்திரை உச்சத்துல இருக்கிறப்ப பதினோரு மணிக்கு வந்து விரல் தட்டிக் காட்டினா, நான் "நலம்"னு எழுதாம வேற என்ன எழுதுவேன்?

சரி, என்ன செஞ்சோம்?

பூசை காலைல சீக்கிரம். அவர் மாத்திரை போடுறது அதுக்கப்புறம், வீட்டுக்கு வந்து சாப்பிட்டு. ஆக, கோயில்ல நிக்குறப்ப ராத்திரி போட்ட மாத்திரை முழுக்க இறங்கியிருக்கும். ஞாயித்துக்கிழமை மட்டும் இல்ல, எல்லா நாளுமே காலை மாத்திரையை முன்னாடி இழுத்தோம், சாப்பாட்டுக்கு அரை மணிக்கு முன்னாடி வர்ற மாதிரி. லெவோடோபாவும் புரதமும் குடல்ல ஒரே வழியில் உள்ளே போகப் போட்டி போடும். அதனால மாத்திரையையும் மீன் குழம்பையும் சேர்த்துப் போட்டா சிலருக்கு மாத்திரை சரியா ஏறாது. உடனே "அப்ப மீன் சாப்பிடக் கூடாதா?"ன்னு அவர் முகம் போன போக்கைப் பார்க்கணும். சாப்பிடலாம், தாராளமா. நேரத்தைத்தான் தள்ளி வச்சோம். இதைப் படிச்சுட்டு நீங்களா மாத்திரை நேரத்தை மாத்தாதீங்க, உங்க டாக்டர்கிட்டக் கேளுங்க. திடீர்னு நிறுத்தவே கூடாது.

மனசுக்கும் தனியா வைத்தியம் ஆரம்பிச்சோம். பார்க்கின்சன்ல மனச்சோர்வு நோயோட ஒரு பகுதி, மூளையில் நடக்கிற அதே மாற்றத்தோட சேர்ந்து வர்றது. "வயசானா அப்படித்தான்"னு விட்டுடாதீங்க.

கை முழுக்க நிக்கல. நூறு பேர் பார்க்கிறாங்கன்னு பதட்டம் வந்தா எந்த மாத்திரையையும் மீறி நடுக்கம் கூடும், இந்த நோயோட குணம் அது. அதுக்கு வழி கண்டுபிடிச்சது நான் இல்ல, அவர் மனைவி. கையில வாங்க வேண்டாம், பழைய முறைப்படி நாக்குல வாங்கிக்கோங்கன்னு சொல்லியிருக்காங்க. ரெண்டு வருஷம் நரம்பியல் பார்த்த எனக்கு இது தோணவே இல்ல.

முதல் மூணு வாரம் அவர் போகல. நாலாவது வாரம் போய் கடைசி பெஞ்சுல உட்கார்ந்துட்டு, நன்மை வாங்காமலே திரும்பிட்டார். அதுக்கடுத்த மாசம் பேத்திக்கு நிச்சயதார்த்தம். மேடை ஏற மாட்டேன்னு முன்னாடியே சொல்லிட்டார், சொன்ன மாதிரியே ஏறல. கீழே முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாராம், கையை மேல்துண்டுக்குள்ள வச்சுக்கிட்டு. பேத்தி இறங்கி வந்து பக்கத்துல உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கிச்சுன்னு மனைவி போன்ல காட்டினாங்க.

போன வாரம் வந்தார். இந்தத் தடவை வேணும்னே சாயங்காலம் வரச் சொல்லியிருந்தேன், மாத்திரை இறங்குற நேரத்துக்கு. கை நல்லாவே ஆடிச்சு. இவ்வளவு ஆடும்னு அன்னைக்குத்தான் முதல் தடவையா பார்த்தேன். கதவைச் சாத்தி, நல்ல காதுப் பக்கம் உட்கார்ந்து எட்டையும் கேட்டேன். சாரம் இன்னும் மனைவிதான் கட்டி விடுறாங்க. ராத்திரி கொரக்களி கொஞ்சம் கூடியிருக்கு, அதைப் பார்க்கணும். கடைசிக் கேள்விக்கு நான் வாயைத் திறக்குறதுக்கு முன்னாடியே அவரே சொல்லிட்டார்:

"போன மாசம் நாலு ஞாயிறு. ரெண்டு போனேன், ரெண்டு போவல. அடிக்கடியா சில நேரமா, நீங்களே பாத்து எழுதிக்கோங்க டாக்டரம்மா."